பயத்தோடு வரும் டாக்டரைத் திட்டிப் பயனில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

இளம் மருத்துவர்கள் கிராமத்துக்குப் போக மறுக்கிறார்கள், நகரத்துச் சம்பாத்தியம்தான் அவர்களுக்குப் பெரிது என்று வாசகர்கள் பலர் எழுதுகிறார்கள். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். படிப்பு முடிந்த கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்த எத்தனையோ டாக்டர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். இந்தக் குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லூரி மருத்துவமனையில் நள்ளிரவிலும் கேட்டுக்கொள்ள ஒரு சீனியர் இருப்பார். இங்கே யாரும் இல்லை. 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப்பகுதியானால் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசு விதி. அத்தனை பேருக்கும் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்திதான் ‘பெரிய டாக்டர்’. ஓர் இரவு, பிரசவம் முடிந்த தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த டாக்டரம்மா ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசி போட்டு, இரண்டு கையிலும் டிரிப் ஏற்றி, வயிற்றை அழுத்திப் பிடித்தபடியே 108-இல் ஏறிப் போனார். தாய் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் என்னிடம், “சிஸ்டர், நான் செஞ்சது சரிதானா?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நானா? வெளியே உறவினர்கள் கூட்டமாக நின்று சத்தம் போட்டதையும் அவர் மறந்திருக்க மாட்டார். மருத்துவமனையில் வன்முறையைத் தடுக்க 2008-லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் இரவு வாட்ச்மேன் இல்லாத நிலையத்தில் அது யாரைக் காப்பாற்றும்?

மேசை டிராயரில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. புத்தகம் வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். அதில் என்ன தப்பு? அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மேற்படிப்பில் பாதி இடம் என்ற நம் மாநில ஏற்பாடுதான் பலரைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. இடையில் அது நின்றுபோய், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான் மாநிலங்களுக்கு அந்த உரிமை உறுதியானது. சரி, சீட் கிடைத்ததும் போய்விடுகிறார்களே என்றால், அவர்கள் தங்குவதற்கு நாம் என்ன செய்தோம்? ஒழுகுகிற குவார்ட்டர்ஸைப் பூட்டி வைத்துவிட்டு, டாக்டர் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறார் என்று குறை சொல்கிறோம்.

கட்டாயப்படுத்தினால் சரியாகிவிடும் என்பவர்கள் 2007-ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஓராண்டு கட்டாய கிராமப் பணி என்று மத்திய அரசு சொன்னபோது தமிழகத்து மருத்துவ மாணவர்கள் தெருவுக்கே வந்தார்கள். ஆனால் தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கியில் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கிய வேலை இன்று ஆஸ்பத்திரியாகவே நிற்கிறது. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவருக்கு ஒருவர் துணை இருந்தார்கள், அந்தப் பழங்குடிப் பெண்களையே நர்ஸ் வேலைக்குப் பழக்கித் துணை சேர்த்துக்கொண்டார்கள். எல்லாரும் அப்படி வாழ்க்கையையே கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. அந்தத் துணையை மட்டும் அரசே ஏற்படுத்தித் தரலாம்.

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் நமக்குக் கிடைத்தன. சீனியர்கள் இப்போது தூரத்தில் இல்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பக்கத்துக் கல்லூரியோடு இணைத்து, மகப்பேறு, குழந்தைகள் பிரிவுகளில் அன்றிரவு போனை எடுக்க வேண்டியவர் யார் என்று டூட்டி பட்டியலிலேயே எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அவர் நேரில் வந்து, அந்த டாக்டரோடு உட்கார்ந்து ஓ.பி. பார்க்க வேண்டும். குவார்ட்டர்ஸ் பழுதும் வாட்ச்மேன் நியமனமும் இந்த ஆண்டே முடியக்கூடிய வேலைகள். சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்