லேபிள் அழிந்த ரெக்கார்டுகள்

அன்புள்ள மாப்பிள்ளை,

நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது, பெரியவள் திரும்பி வந்துவிட்டாளா, எல்லாவற்றுக்கும் பதில் போடு.

பதினான்கு மாதமாக நான் எழுதவில்லை. முதல் பத்து மாதத்துக்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை. கடைசி நான்கு மாதத்துக்குக் காரணம் உண்டு. நீ என்னிடம் கொடுத்திருந்த உன் ரெக்கார்டு இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமல் உனக்குக் கடிதம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது நாள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தோம். அந்த நாட்களில் மேல்மாடிக் குழாய் ஒன்று சுவருக்குள்ளேயே விரிசல் விட்டு, ரெக்கார்டு அலமாரியின் முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கதவைத் திறந்ததும் ஊறிய காகித நாற்றம். மேல் அடுக்குகள் தப்பித்தன. கீழ் இரண்டு அடுக்கிலும் இருந்த 212 எல்.பி. ரெக்கார்டும் நனைந்துவிட்டன. உறைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக நின்றன. ஒன்றை இழுத்தால் அதன் படம் பக்கத்து உறையோடு போய்விடுகிறது. நீ கொடுத்தது கீழ் அடுக்கில்தான் இருந்தது.

அன்றிரவு நான் தூங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரெக்கார்டு செய்யும் வினைல் பிளாஸ்டிக் தண்ணீருக்குப் பயப்படாது. வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும், படுக்கவைத்து அடுக்கினால் நெளியும், நகம் பட்டால் கீறும். தண்ணீர் அதை ஒன்றும் செய்வதில்லை. போனதெல்லாம் காகிதம். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, மெல்லிய தூரிகையால் கோடு போகும் திசையிலேயே துடைத்து, அலசி, நிழலில் நிற்கவைத்துக் காயவிட்டேன். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பதுதான் முடிந்தது. அதற்கு மேல் முதுகு ஒத்துழைக்கவில்லை.

உறைகளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், எழுதினால் நீ வருத்தப்படுவாய். ஜிப் வைத்த உறை மட்டும் சொல்கிறேன். 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு போட்ட ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’. நிஜ ஜிப் தைத்த அந்த உறைகளை அடுக்கி அனுப்பியபோது, ஜிப்பின் தலை பக்கத்து ரெக்கார்டில் அழுந்திப் பள்ளம் போட்டது. பிறகு ஜிப்பைப் பாதி இறக்கிவைத்து அனுப்பினார்கள். அழுத்தம் நடுவில் லேபிள் மேல் விழுந்தால் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. இதை எனக்கு முதலில் சொன்னவனே நீதான். இப்போது அந்த ஜிப் துருப்பிடித்து, பாதி இறங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. அதை மட்டும் தூக்கிப் போட முடியவில்லை.

பெரிய தொல்லை லேபிளில்தான். லேபிளைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, சூடான வினைலோடு சேர்த்தே அச்சில் அழுத்திவிடுகிறார்கள். அதனால் அது கழன்று வரவில்லை. ஆனால் ஊறிய தாளில் விரல் பட்டதும் எழுத்தெல்லாம் திரிதிரியாக உருண்டு வந்துவிட்டது. கடைசியில் என் முன்னால் நின்றவை பெயரில்லாத கறுப்புத் தட்டுகள். சிலவற்றில் நிறம் மட்டும் மிச்சம்: இங்கே ஒரு சிவப்பு, அங்கே கறுப்பில் ஒரு மஞ்சள் கறை. எது யாருடையது?

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் சரியாகக் காயாத, பூஞ்சை முழுதாகப் போகாத தட்டில் ஊசியை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்போதுதான் கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கும் வெற்று வளையம் நினைவுக்கு வந்தது. மேசை விளக்கைச் சாய்த்து வைத்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். மூன்று வாரம் அப்படியே போனது. மாப்பிள்ளை, இத்தனை வருடம் ரெக்கார்டு சேர்த்தவன் நான், அந்த வளையத்தை இப்படிப் படித்ததே இல்லை.

முதல் அரக்குத் தட்டை வெட்டும் பொறியாளர் அங்கே ஒரு எண்ணை இடுகிறார். சில இடங்களில் அச்சால் குத்துவார்கள், சில இடங்களில் கையாலேயே கீறுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுத்துத்தான் நம் கைக்கு வரும் பிரதிகளை அழுத்துகிறார்கள். ஆக அந்தப் பொறியாளரின் கையெழுத்து, அவர் கை நடுங்கியிருந்தால் அந்த நடுக்கம் உட்பட, ஒவ்வொரு பிரதியிலும் இருக்கிறது. லெட் செப்பலின் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை நான் கண்டுபிடித்தது ‘ஆர்.எல்.’ என்ற இரண்டு எழுத்தை வைத்து. 1969இல் அதை வெட்டிய ராபர்ட் லட்விக்கின் முதலெழுத்துகள் அவை. அவர் ஒலியை அவ்வளவு வலுவாக வெட்டியிருந்தார், மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளியது. கம்பெனி பயந்துபோய் ஒலியைக் குறைத்து மறுபடி வெட்ட வைத்தது. இன்னொரு தட்டில் ‘போர்க்கி பிரைம் கட்’ என்று இருந்தது. இங்கிலாந்தில் ரெக்கார்டு வெட்டிய ஜார்ஜ் பெக்கம் தன் வேலையில் பெருமையோடு கீறிவைத்த வரி அது. உறை, லேபிள், பாட்டெழுதிய தாள் எல்லாம் கரைந்த பிறகு, மிஞ்சி நின்றது இந்த ஆட்களின் கையெழுத்துதான். நள்ளிரவில் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

212இல் இன்றுவரை 197க்குப் பெயர் தெரிந்துவிட்டது.

அப்புறம் பாட்டு உலகில் எது எந்த நாள் நடந்தது என்று நாம் எழுதிவந்த தேதி நோட்டு. அதுவும் அங்கேதான் இருந்தது. நான் பென்சிலில் எழுதியவை அப்படியே இருக்கின்றன, நீ பச்சை மையில் எழுதிய பக்கங்கள் எல்லாம் பச்சை மேகமாகிவிட்டன. பென்சில்தான் நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், நீ கேட்கவில்லை. எது எந்த நாள் என்று உன்னை மாதிரி எனக்கு வராது. இருந்தாலும் நினைவில் இருந்ததை வைத்துப் புது நோட்டு தொடங்கியிருக்கிறேன். பிப்ரவரி 3, 1959: பனிக்கால இரவில் விமானம் விழுந்து பாடகர் பட்டி ஹோலி போன நாள். பிப்ரவரி 11, 1963: பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டை ஒரே நாளில் பாடி முடித்தது, லெனனின் தொண்டை கிழிந்துவிடும் என்று மிகக் கடினமான பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 4, 1964: அமெரிக்கப் பட்டியலில் முதல் ஐந்து இடமும் அவர்களுக்கே. ஜூலை 5, 1954: மெம்பிஸில் சன் ஸ்டூடியோவில், இடைவேளையில் விளையாட்டாக எடுத்த பாட்டில் எல்விஸ் கிடைத்தது. ஆகஸ்ட் 1, 1981: பாட்டு சேனல் எம்டிவி தொடங்கியது. டிசம்பர் 8, 1980, லெனன் சுடப்பட்ட நாள். அதற்கு நீ எதுவும் எழுதியிருக்கவில்லை, தேதியை மட்டும் போட்டு விட்டிருந்தாய். நானும் அப்படியே விட்டிருக்கிறேன். மீதியை நீதான் எழுதி அனுப்ப வேண்டும். பென்சிலில்.

பிப்ரவரி 9, 1964ஐ நான் வேண்டுமென்றே மேலே விட்டுவிட்டேன், கவனித்தாயா? அமெரிக்காவில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ், 7.3 கோடிப் பேர் டி.வி. முன்னால், அதற்கு மேல் ஒரு தேதி கிடையாது என்று கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். சரி, அதையும் எழுதிவிட்டேன். ஆனால் என் கட்சியை நான் விடவில்லை. பெரிய தேதி 1948 ஜூன்தான். கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி.யைக் காட்டிய மாதம்.

முன்பெல்லாம் சிரிப்பாய். இப்போது கொஞ்சம் பொறுமையாகக் கேள். பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். மறுவருடம் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 45 சுற்றுத் தட்டும் ஏறக்குறைய அதே அளவு. பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்று நம் காது பழகியதே அந்தத் தட்டில் இருந்த இடத்தால்தான். 1965இல் பாப் டிலன் ஆறு நிமிடத்துக்கு மேல் ஒரு பாட்டைக் கொண்டுவந்தபோது, வானொலிக்காரர்களுக்கு அனுப்பிய தட்டில் அதை இரண்டாக வெட்டி இரண்டு பக்கத்தில் போட்டார்கள். எல்.பி. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுத்தது. பாட்டுக்காரன் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் யோசிக்க இடம் கிடைத்தது. ‘பெட் சவுண்ட்ஸ்’, ‘சார்ஜென்ட் பெப்பர்’, ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்ற ஆல்பங்கள் எல்லாம் அந்த இடத்தில் முளைத்தவை. உன் 7.3 கோடிப் பேரும் மறுநாள் தேடிப் போனது ஒரு தட்டைத்தானே?

சிடி விற்பனைக்கு வந்தது 1982 அக்டோபர் 1, ஜப்பானில். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் கடைசியில் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ வந்தது. அது கோடிக்கணக்கில் எல்.பி.யாகவும் கேசட்டாகவும் போய்க்கொண்டிருந்தபோதே, எல்.பி.யின் இடத்தைப் பிடிக்கப்போகும் வட்டு கடைக்கு வந்துவிட்டது. நாம் அன்றைக்கு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். 2022இல் அமெரிக்காவில் சிடியைவிட வினைல் அதிகம் விற்றிருக்கிறது, 1987க்குப் பிறகு முதல் தடவையாக. அந்தச் செய்தியைப் படித்தவுடன் உனக்குப் போன் செய்யத்தான் கை போனது. ஏன் செய்யவில்லை என்று இப்போது எனக்கே புரியவில்லை.

இனி உன் ரெக்கார்டு.

மஞ்சள் கறையோடு இருந்த கறுப்பு லேபிள்கள் ஆறு. எல்லாம் பார்லஃபோன் கம்பெனி, எல்லாம் பீட்டில்ஸ். அதில் இரண்டு ‘சார்ஜென்ட் பெப்பர்’. ஒன்று என்னுடையது, ஒன்று உன்னுடையது. என்னுடையது ஸ்டீரியோ, உன்னுடையது மோனோ. மோனோ கலவைக்குத்தான் அவர்கள் நால்வரும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து நேரம் செலவழித்தார்கள் என்று நீ என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாய். வளையத்தைப் பார்த்தேன். ஒன்றில் ‘ஒய்.ஈ.எக்ஸ். 637’. அது ஸ்டீரியோ. அடுத்ததைத் திருப்பினேன். ‘எக்ஸ்.ஈ.எக்ஸ். 637’. கை நடுங்கியது.

அதை மறுபடி இரண்டு தடவை கழுவினேன். ஒரு வாரம் காயவிட்டேன். நேற்று ராத்திரி இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். நேராகக் கடைசிப் பாட்டின் முடிவுக்குப் போகாமல், முதலிலிருந்து கேட்டேன். நன்றாகவே ஓடியது. அங்கங்கே கொஞ்சம் பொரிந்தது, அவ்வளவுதான். பிறகு அந்தக் கடைசி ஒலி. பல பியானோக்களை ஒரே நேரத்தில் அடித்து, அது தேயத் தேய பொறியாளர்கள் ஒலிப்பதிவு அளவை ஏற்றிக்கொண்டே போய், நாற்பது விநாடிக்கு மேல் பிடித்து வைத்த ஒலி. அது தேய்ந்துகொண்டிருக்கும்போதே வந்தது: டிக். டிக். டிக். 33⅓ சுற்றில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. கடிகாரத்தைவிட நிதானமாக, அதே இடத்தில், அதே கீறல். உன் ரெக்கார்டுதான்.

மாப்பிள்ளை, அந்தக் கீறலை, ஒட்டகம் என்று நாம் கூப்பிட்ட நம் நண்பன் போடவில்லை. நான்தான் போட்டேன். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோமே, எல்லோரும் எழுந்த நேரத்தில் இருட்டில் பிளேயரின் ஊசிக் கையைத் தூக்கப் போனது நான். சறுக்கிவிட்டது. விளக்கைப் போட்டபோது பிளேயர் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். நீ கத்தினாய். அவன் என்னைப் பார்த்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே அதே ரெக்கார்டை நீ எனக்குக் கேட்கக் கொடுத்தாய். ‘ஒட்டகத்திடம் மட்டும் கொடுத்துவிடாதே’ என்று சொல்லிக் கொடுத்தாய். 31 வருடம் ஆகிறது. அவன் போயே இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவனிடம் ஒருமுறையாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். அவன் வீட்டுக்கு நீ போகும்போது அவன் மனைவியிடம் இதைச் சொல். அவளுக்கு அந்த ரெக்கார்டுக் கதை தெரியும்.

தட்டைத் தனியாகப் பொதிந்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். உறை போய்விட்டது, வெள்ளை உறையில் இருக்கும். ரெக்கார்டோடு உள்ளே வந்த, படங்களை வெட்டி எடுக்கும் அட்டை தப்பித்தது. அதை நான் மேல் அடுக்கில் வைத்திருந்தேன். மீசை இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை. யார் வெட்டி ஒட்டிக்கொண்டு திரிந்தது என்று உனக்கே தெரியும்.

இன்னும் ஒன்று. கடைசி ஒலி அடங்கிய பிறகு, தட்டின் கடைசிக் கோட்டில் பதித்த அந்தப் பேச்சுக் குழப்பம் சுழன்று சுழன்று வரும் முன்னால், 15 கிலோஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான ஒலி இருக்கிறது, நாய்க்குக் கேட்கட்டும் என்று வைத்தது. அந்த அறையில் நாம் மூன்று பேரும் அதைக் கேட்டோம், காது கூசுகிறது என்று ஒட்டகம் தலையணையால் மூடிக்கொண்டான். நேற்று நான் எவ்வளவோ காதைத் தீட்டினேன். ஒன்றுமில்லை. நேராகப் பேச்சுதான் வந்தது.

உன் மெஷின் தானாகக் கையைத் தூக்கிவிடும், அதனால் ஊசியை நீயே அந்த இடத்தில் வைத்துக் கேள். உன் சின்னவளையும் பக்கத்தில் உட்கார வை. உனக்குக் கேட்கிறதா, அவளுக்குக் கேட்கிறதா என்று எழுது.

உன்,
பழைய அறைத்தோழன்