புக்கிட் சாகாரில் இறங்கிய பிறகு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலேசியாவின் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்டிஎஸ் எனும் விரைவு ரயில் 2026 இறுதிக்குள் ஓட வேண்டும் என்பது இரு அரசுகளின் இலக்கு. 2018இல் ஒப்பந்தமாகி, நடுவில் நின்றுபோய், 2020இல் மறுபடி உயிர்பெற்ற திட்டம் இந்த அளவுக்கு வந்ததே பெரிய காரியம். மனதார வரவேற்கிறேன்.

நான்கு கிலோமீட்டர் தூரத்தை ஐந்து நிமிடத்தில் கடக்கலாம் என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் நேரத்தைத் தின்பது தூரமா? வரிசைதான். பேருந்திலிருந்து இறங்கி, கடப்பிதழைக் காட்டி, அடுத்த பேருந்துக்கு ஓடி, மறுகரையில் இதையே இன்னொரு முறை செய்கிறோம். பேருந்து நகராத நாட்களில் பையை மார்போடு மாட்டிக்கொண்டு பாலத்தின் ஓரமாக நடந்தே போகிறவர்கள் எத்தனை பேர்! புதிய ரயிலில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடும். இறங்கியதும் நேராக வெளியே வந்துவிடலாம். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது.

சரி, வெளியே வந்தபின்? சிங்கப்பூர்ப் பக்க நிலையமான உட்லண்ட்ஸ் நார்த்தில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பெருவிரைவு ரயில் இருக்கிறது. மாலையில் ஜொகூர் பாரு நிலையமான புக்கிட் சாகாரில் இறங்குபவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் ரயில் இது. அவ்வளவு பேரும் ஏற்கெனவே நெரிசலில் திணறும் சாலைகளில் வந்து நின்றால் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் எப்படிப் போவார்கள்? வீட்டிலிருந்து நிலையத்துக்கு வரவே மோட்டார் சைக்கிள் வேண்டுமென்றால், அதிலேயே கடற்பாலத்தைத் தாண்டிவிடலாமே என்றுதான் தொழிலாளி நினைப்பார்.

ஆகவே இணைப்புப் பேருந்துகள் முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். விடியற்காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் முதல் ரயிலைப் பிடிக்கும்படி அவற்றின் நேரம் அமைய வேண்டும். நிலையத்தருகே மோட்டார் சைக்கிள் நிறுத்த, தினக்கூலிக்காரருக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் இடமும் தேவை.

இன்னொன்று. ஆர்டிஎஸ் தொடங்கி ஆறு மாதங்களுக்குள் இப்போது இரு கரைகளுக்கும் இடையே ஓடும் கேடிஎம் தெப்ராவ் ரயிலை நிறுத்துவதாகத் திட்டம். புதிய சேவை நெரிசல் நேரத்தைச் சமாளிக்கிறதா என்று பார்க்காமல் அதில் கைவைக்க வேண்டாம். ஜொகூர் மாநில அரசு இணைப்புப் பேருந்துகளின் வழித்தடங்களையும் நேரத்தையும் இப்போதே வெளியிட்டால், எங்கே வாடகை வீடு பிடிப்பது என்பதையாவது நாங்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
கடற்பாலம் தாண்டும் ஒரு வாசகர்,
ஜொகூர் பாரு