'லென்ஸ் கூடாது' என்ற வரிக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் கண் வறட்சி பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். திரையிலிருந்து அவ்வப்போது பார்வையை எடுக்கச் சொன்னதும், மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் உட்காரச் சொன்னதும் நல்ல யோசனைகள். என்னை எழுத வைத்தது கடைசி வரிதான்: 'கண் வறட்சி உள்ளவர்கள் கான்டாக்ட் லென்ஸ் அணியவே கூடாது.' இதையே பலர் சொல்லக் கேட்டு, அப்படியே நம்பி, 6 வருடத்தை வீணாக்கியவள் நான்.

நான் மெய்ப்புத் திருத்துபவள். 22 வருடமாக அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப்பிழை பார்ப்பதுதான் என் பிழைப்பு. கண் வறண்டவர்களுக்குப் பக்கம் எப்படித் தெரியும் என்பதை என் தொழிலை வைத்தே சொல்லிவிடலாம். முதலில் காணாமல் போவது புள்ளி. 'க்' என்று இருப்பது 'க' என்று தெரியும். ஒருமுறை கண்ணை இமைத்தால் புள்ளி திரும்ப வந்து உட்காரும். இரண்டு மூன்று நொடியில் மறுபடி கரைந்துவிடும். பவர் கூடிவிட்டது போலிருக்கிறது என்று மூன்று தடவை மூக்குக்கண்ணாடி மாற்றினேன். கோளாறு பவரில் இல்லை. கருவிழி மேல் கண்ணீர் மெல்லிய படலமாகப் பரவியிருக்க வேண்டும், ஒளி அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்தப் படலமே நொடிக்கு நொடி உடைந்துகொண்டிருந்தால் எந்தக் கண்ணாடி போட்டு என்ன?

கடைசியில் ஒரு கண் மருத்துவர் கீழிமையில் சின்னத் தாள் துண்டு ஒன்றை மாட்டி 5 நிமிடம் வைத்தார். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பொதுவாகப் பயமில்லை, 5-க்குக் கீழே போனால் கடுமையான வறட்சி என்றார். எனக்கு வலக்கண்ணில் 2, இடக்கண்ணில் 3. பிறகு, "இரவில் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பீர்களா?" என்று கேட்டார். எத்தனையோ வருடமாக எழுந்துகொண்டுதான் இருந்தேன். வாய் உலர்வதற்கும் கண் உலர்வதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரத்தப் பரிசோதனைகளுக்குப் பிறகு ஷோக்ரன் நோய் என்று உறுதியானது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்குகிற நோய் இது. ஹென்ரிக் ஷோக்ரன் என்ற ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் 1933-லேயே இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

என்னைப் பரிசோதித்த மருத்துவர்தான் ஸ்கிலீரல் லென்ஸ் பற்றிச் சொன்னார். "எனக்குத்தான் லென்ஸே ஆகாதே" என்றேன். "சாதாரண லென்ஸ் ஆகாது" என்றார். அந்த ஒரு சொல் உங்கள் குறிப்பில் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சாதாரணமாக அணிகிற மென் லென்ஸ் கருவிழி மேலேயே படிந்து உட்காருகிறது. அது ஈரமாக இருக்கக் கண்ணீர் வேண்டும், இல்லாத கண்ணில் அது காய்ந்து உறுத்தும். ஸ்கிலீரல் லென்ஸ் கருவிழியைத் தொடுவதே இல்லை. அதன் விளிம்பு வெள்ளைவிழியில் அமரும், நடுப்பகுதி கருவிழிக்கு மேல் கூடாரம் போலக் கவிந்து நிற்கும். நடுவில் உள்ள சந்து ஒரு மில்லிமீட்டரில் சுமார் கால் பங்குதான் இருக்கும். அந்தச் சந்தில் உப்புநீரை நிரப்பித்தான் அணிகிறோம். நாள் முழுக்கக் கருவிழி அந்த நீரில் நனைந்தபடி இருக்கும், இமை வந்து உரசாது. மென் லென்ஸ் சுமார் 14 மில்லிமீட்டர் அகலம், என்னுடையது 16.5. பார்த்ததும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இது நேற்று வந்த சரக்கு இல்லை. அடால்ஃப் ஃபிக் என்ற கண் மருத்துவர் 1888-ல் விவரித்து எழுதிய தொடக்க கால கான்டாக்ட் லென்ஸே வெள்ளைவிழியில் அமரும் பெரிய கண்ணாடி லென்ஸ்தான். கண்ணாடி வழியாக ஆக்சிஜன் போகாது, அதனால் அதைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. காற்றை விடும் பிளாஸ்டிக் வந்த பிறகுதான் இந்த வகைக்கு மறுபடி உயிர் வந்தது.

அணியும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலர் முதல் வாரத்திலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் படுக்க வைத்து, தலையைத் தரைக்கு நேராகக் கவிழ்க்க வேண்டும். பிளஞ்சர் என்கிற சின்ன ரப்பர் உறிஞ்சியில் லென்ஸைக் கிண்ணம் போல நிறுத்தி, நீர் விளிம்பைத் தாண்டிப் புடைத்து நிற்கும் வரை ஊற்ற வேண்டும். இரண்டு இமைகளையும் அகலப் பிடித்துக்கொண்டு லென்ஸைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால் முதலில் நீரின் குளிர்ச்சி தெரியும். அந்த நொடியில் கண்ணை மூடத் தோன்றும். மூடாமல் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி மாட்டினாலும் அந்த இடம் காய்ந்துவிடும், கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முதல் நாள் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 50 நிமிடம் ஆனது. இப்போது 4 நிமிடம் போதும். கழற்றும்போது உறிஞ்சியை நடுவில் வைத்து இழுக்கக் கூடாது, ஓரத்தில் வைத்து நெம்ப வேண்டும்.

எனக்கு நேர்ந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். லென்ஸ் வாங்கிய இடத்தில் ஒரு பெரிய பாட்டிலைக் கொடுத்து "எல்லாவற்றுக்கும் இதுவே போதும்" என்றார்கள். மென் லென்ஸைக் கழுவி ஊறவைக்கிற திரவம் அது. அதையே லென்ஸில் நிரப்பி அணிந்தேன். நான்காம் நாள் கண் மிளகாய் பட்டது போல எரிந்தது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. பாட்டிலைக் கெடாமல் வைத்திருக்க அதில் சேர்க்கும் பொருள், சொட்டு மருந்து போல வழிந்தோடாமல் பத்து மணி நேரம் கருவிழியோடு பூட்டிக் கிடந்திருக்கிறது. கழுவுகிற திரவம் வேறு, நிரப்புகிற நீர் வேறு. நிரப்புவது பதப்பொருள் கலக்காத உப்புநீராகத்தான் இருக்க வேண்டும், திறந்த சின்னக் குப்பியில் மிச்சம் இருந்தாலும் மறுநாளுக்கு வைக்கக் கூடாது. இதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் இரண்டு வாரம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தேன். குழாய் நீரோ, கொதிக்கவைத்து ஆற வைத்த நீரோ லென்ஸ் பக்கமே வரக் கூடாது என்பதையும் பிறகுதான் அறிந்தேன். நீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியில் புகுந்தால் பார்வையே போகக்கூடும்.

லென்ஸ் நோயைக் குணப்படுத்தாது. மாலையில் கழற்றினால் வறட்சி அங்கேயே இருக்கிறது. மாத்திரையும் சொட்டு மருந்தும் இமைக்கு வெந்நீர் ஒத்தடமும் தொடர்கின்றன. பிற்பகல் 2 மணி வாக்கில் லென்ஸுக்குள் நீர் கலங்கி, பக்கமே பால் ஊற்றியது போல ஆகிவிடும். கழற்றிப் புது நீர் நிரப்பிக்கொள்வேன். கைக்குப் பூசும் கிரீமை நிறுத்திய பிறகு மேல்பரப்பில் படியும் பிசுக்கு குறைந்தது. இதை அணிந்தபடி தூங்கக் கூடாது. கருவிழியின் உள்ளடுக்கு பலவீனமாக உள்ள சிலருக்கு இது பொருந்தாது என்பதால் பரிசோதிக்காமல் யாரும் வாங்க வேண்டாம். கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆனாலும் காலை 9 மணிக்கு மெய்ப்புத் தாளை விரித்தால், லென்ஸுக்கு மேல் படிக்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியும் அதனதன் எழுத்தின் மேல் இருப்பதைப் பார்க்கிறேன். இமைத்து இமைத்துத் தேட வேண்டியதில்லை. என்னைப் போல உங்கள் குறிப்பைப் படித்து அந்தக் கதவு மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அந்த வரியை இப்படி மாற்றலாம்:

'கண் வறட்சி உள்ளவர்களுக்குச் சாதாரண லென்ஸ் பெரும்பாலும் ஒத்துவராது. வறட்சி கடுமையாக இருந்தால் ஸ்கிலீரல் லென்ஸ் பொருந்துமா என்று கண் மருத்துவரிடம் கேட்கவும்.'

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் உங்கள் வாசகி