வாசலில் வந்து உட்கார்ந்த வியாபாரம்

ஹட்டன்

அன்பின் சிவா,

நலம், நலமறிய ஆவல். மகளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. மஸ்கெலியா பக்கம் பஸ் ஓடினால் ஓடுகிறது, இல்லாவிட்டால் இல்லை.

தங்கச்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சுகமாக இருக்கிறாள். ஆனால் அவள் வீட்டில் நடந்ததை உனக்கு எழுதாமல் எனக்கு மனம் ஆறாது.

சம்பளம் போட்ட மறுநாள், கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பேர் அவள் இருக்கும் லயத்துக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்திருக்கிறார்கள். தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்கிறவர்கள். 'இலவசப் பரிசோதனை' என்று சொல்லி ஒரு கிளாஸில் மலை ஊற்றிலிருந்து பீலியில் வந்து விழும் தண்ணி, இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த தண்ணி. இரண்டிலும் கம்பிகளை இறக்கிக் கரண்டைப் போட்டதும், இரண்டு நிமிஷத்தில் பீலித் தண்ணி சேறாகக் கலங்கி மேலே நுரை கட்டிவிட்டது. மற்றது அப்படியே தெளிவாக இருந்தது. "இதையா பேரப்பிள்ளைக்குக் குடுக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறான் ஒருவன். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது. வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். எழும்பவில்லையாம். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த ஆளை எப்படி அண்ணே போகச் சொல்றது என்று என்னிடம் கேட்கிறாள். இருட்டும் நேரத்தில் தவணைத் தாளில் கையெழுத்து வைத்து, முற்பணமாக 5,000 ரூபாயும் கொடுத்துவிட்டாள். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்ததே 2024 இல்தான். அந்த 5,000 அவளுக்கு எத்தனை நாள் தேயிலை மலை ஏறிய காசு என்று நீயே பார்த்துக்கொள்.

மெஷினைப் பூட்ட அவர்கள் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். மருமகன் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறான் அல்லவா, அந்தப் பரிசோதனையை இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னான். கம்பியை இறக்கும் முன் குசினிக்குப் போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து, அவர்களுடைய சுத்தமான தண்ணியில் ஒரு சிட்டிகை போட்டான். கரண்டைப் போட்டதுதான் தாமதம், அதுவும் செங்கலங்கலாகிவிட்டது! கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணியில் உப்புச்சத்து இருந்தால் மின்சாரம் பாய்கிறது, இரும்பு கரைகிறது, அந்தத் துருதான் கலங்கலாக வருகிறது. அவர்களுடைய தண்ணியில் உப்புச்சத்தை எடுத்துவிட்டதால் மின்சாரம் பாயவில்லை, அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கம்பியால் சொல்லவே முடியாது.

பீலித் தண்ணியை அப்படியே குடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். நல்ல வடிகட்டி ஒன்று அந்த லயத்துக்கு உண்மையில் உதவியாகத்தான் இருக்கும். அதுதான் மச்சான் எனக்கு ஆத்திரம். மிரட்டி விற்கப் போய், இனி அங்கே யாரும் வடிகட்டி என்ற பேச்சையே எடுக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர் வந்து சொன்னாலும் இனி நம்பமாட்டார்கள்.

முற்பணம் இன்னும் திரும்பவில்லை. 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்' என்று போனவர்கள்தான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

கனடாவில் உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 மார்ச் 1 முதல், கூப்பிடாமல் வாசலுக்கு வந்து நீர் வடிகட்டி, வெந்நீர் மெஷின், குளிரூட்டி போன்றவற்றை விற்பதே தடை. வாசலில் போட்ட மற்ற ஒப்பந்தங்களையும் 10 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆள் எழும்பிப் போன பிறகு யோசிக்க ஒரு அவகாசம். என் தங்கச்சிக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இனி நான் வேலை செய்யும் நம்முடைய துணிக்கடை விஷயத்துக்கு வருகிறேன். நீ இருந்த காலத்து முதலாளி இப்போது வருவதில்லை, மகன்தான் பார்க்கிறார். நல்ல பிள்ளை, உழைப்பாளி. ஆனால் விற்பனைக்கு ஏற்ப கொமிஷன் என்று வைத்துவிட்டார். தீபாவளி நெருங்கினால் எங்கள் பையன்கள் ரோட்டிலேயே இறங்கி நின்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். போன தீபாவளிக்கு ஒரு அம்மா பேத்தியோடு வந்தார். சட்டைத் துணியின் கரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தீபாவளிக்குத் தோட்டத்தில் கொடுக்கும் முற்பணக் காசு அது, வீட்டில் எல்லோருக்கும் பிரிக்க வேண்டும். பையன் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் மடியிலேயே போட்டான். "பாத்துட்டு வர்றோம் தம்பி" என்று எழும்பிப் போனார். திரும்ப வரவில்லை, பக்கத்துக் கடைப் பையோடு பஸ் ஏறுவதைப் பார்த்தேன். பழைய முதலாளி மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்கும் வாங்கு போட்டு உட்காரச் சொல்லுவார், ஒன்றும் கேட்கமாட்டார். இன்றைக்கும் வருகிற பாதிப் பேர் அந்தக் குடும்பங்கள்தான்.

2021 பால்மாத் தட்டுப்பாட்டில், வேறு சாமானும் எடுத்தால்தான் பால்மா என்று சொன்ன கடைகளைச் சனம் இன்னும் மறக்கவில்லை. எங்கள் கடையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறோம், பிறகு இரவு பகல் பாராமல் மெசேஜ். ஆட்கள் இப்போது வேண்டுமென்றே ஓர் இலக்கத்தை மாற்றிச் சொல்கிறார்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது, அதில் இப்படியான விளம்பரச் செய்திகளுக்கும் ஒரு பகுதி உண்டு என்று சின்ன முதலாளியிடம் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார். கொமிஷன் விஷயத்தை அடுத்த மாதக் கணக்கு முடிந்ததும் பேசப் போகிறேன். அவர் தகப்பனோடு எவ்வளவு காலம் இருந்தவன் நான், சொல்லாமல் இருப்பது சரியில்லை.

உன்னிடம் ஒரு உதவி. அங்கே ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய எழுதும் கடிதத்தின் மாதிரி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பு. இங்கே அந்தச் சட்டம் செல்லாது என்று தெரியும். ஆனால் என்னென்ன விபரம் கேட்டு எழுதுகிறார்கள் என்று பார்த்தால், மருமகன் அதைப் போலத் தமிழில் ஒன்று எழுதிப் பதிவுத் தபாலில் போடுவான். லயத்தில் இன்னும் மூன்று வீடு கையெழுத்து வைத்திருக்கிறது, அவர்களுக்கும் சேர்த்து.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் ராஜு