வேலி நீளம் பரப்பைச் சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொடைக்கானல் பக்கம் நிலம் கைமாறும்போது, வேலிக் கம்பி எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதை வைத்தே இத்தனை சென்ட் என்று பேசி முடிக்கிறார்கள். இந்தக் கணக்கில் யாராவது ஒருவர் நிச்சயம் ஏமாறுவார்.

நம் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றிவரும் சாலை ஏறக்குறைய 5 கி.மீ. அதே 5 கி.மீ. நீளத்தை வட்டமாக வளைத்தால் உள்ளே 490 ஏக்கர் அடங்கும்! 60 ஏக்கரை வட்டமாக வளைக்க 1¾ கி.மீ. போதும். சுற்றளவின் வர்க்கம், பரப்பின் 4π (பை, சுமார் 3.14) மடங்குக்கு ஒருபோதும் குறையாது. சமமாவது வட்டத்தில் மட்டும். சமச்சுற்றளவுச் சமனிலி என்பது இதுதான். சுற்றளவிலிருந்து கிடைப்பது உச்சவரம்பு, அவ்வளவே.

பரப்பு தெரிய மூலைகள் வேண்டும். ஒவ்வொரு மூலையும் ஒரு புள்ளியிலிருந்து எத்தனை மீட்டர் கிழக்கே, வடக்கே என்று குறித்து, அடுத்தடுத்த மூலைகளைக் குறுக்கே பெருக்கிக் கழித்து, சுற்றி முடித்ததும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். எல்லையோரம் கூட்டியே உட்பரப்பைக் கணக்கிடலாம் என்று சொல்லும் ஸ்டோக்ஸ் தேற்றம் மண்ணில் இறங்கி வேலை செய்யும் இடம் இது. மூலைகளை வரிசை மாற்றி எழுதினால் எல்லைக்கோடு தன்னையே வெட்டிக்கொள்ளும். ஒரு பகுதி கூட்டலிலும் மறுபகுதி கழித்தலிலும் விழுந்து பரப்பு குறைந்துவிடும். செல்பேசியில் அளக்கும்போது, 10 சென்ட் சதுர மனையின் ஒரே ஒரு மூலை 5 மீட்டர் விலகினாலே 1¾ சென்ட் வரை பிசகும்.

பட்டாவில் உள்ளது கிடைமட்டப் பரப்பு. 30 பாகைச் சரிவில் மண்ணோடு ஒட்டி நாடா பிடித்தால் 100 சென்ட் 115 சென்டாகிவிடும்.

ஆனால் சரிவு வேறு, வளைவு வேறு. ஒரே சீரான சரிவில் சமனிலி மாறுவதில்லை. 1 கி.மீ. வேலி சமதளத்தில் அதிகபட்சம் 79,577 சதுர மீட்டரை அடைக்கும். 500 மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மேற்பகுதி போன்ற குன்றுத் தலையில், மண்பரப்பாக 81,700 வரை அடைக்கலாம். அரை ஏக்கருக்கு மேல் லாபம். அதே அளவு எதிர்வளைவு கொண்ட, அதாவது குதிரைச் சேணம்போல ஒரு திசையில் மேலும் மறுதிசையில் கீழும் வளைந்த கணவாயில் சுமார் 77,650 தான். வளைந்த வெளிகளை ஆராயும் ரீமான் வடிவியல் படிக்கும் நம் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. குன்றுத் தலை போன்ற நேர்வளைவு எங்குமில்லாத, எங்கும் விளிம்பில் அறுந்துபோகாத (முழுமையான), துளையற்ற வெளியில் சமவெளியைவிட அதிகம் அடைக்க முடியாது என்பதை 2 பரிமாணத்தில் ஆந்த்ரே வெய் 1926-லும், 4 பரிமாணத்தில் குரோக் 1984-லும், 3 பரிமாணத்தில் கிளைனர் 1992-லும் என்று கணிதவியலாளர்கள் நிறுவினார்கள்.

கிரயப் பத்திரத்தோடு மூலைகளின் அளவுப் பட்டியலையும், அளவு கிடைமட்டமா, மண்மேலா என்ற குறிப்பையும் சேர்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள்,
கொடைக்கானல்