வேலிக்கு அந்தப் பக்கம் இருக்குற அண்ணனுக்கு

மார்க் எல்லாம் ஏத்தியாச்சு, ஒருவழியா செமஸ்டர் முடிஞ்சுருச்சு. இந்த 2020 மார்ச்ல கொரோனாவால கேம்பஸ மூடுனதுல இருந்து நாங்க டீச்சருங்க பட்ட பாடு உங்களுக்கே தெரியும், அதத் திரும்பச் சொல்லப் போறதில்ல. நன்றி சொல்லணும், அதான் வந்தேன்.

இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல எங்க பக்கத்து வீட்டு அண்ணன் வீட்டுப் பின்னாடியே பேனல் பீட்டிங், அதான் நசுங்குன கார் தகரத்தத் தட்டி நிமித்துற வேலை, பண்றவரு. லாக்டவுன்ல அவருக்கு வருமானமே இல்ல. ஜூன் 1 லாக்டவுனத் தளர்த்தி லெவல் 3 வந்ததும்தான் வண்டிங்க வர ஆரம்பிச்சுச்சு, அதே வாரம் எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் லைவ் கிளாஸ். அவரு சுத்தியல எடுத்தா எங்க வீட்டு ஜன்னல் அதிரும், ஆனா ரெண்டு மாசம் கழிச்சு இப்பதான் நாலு காசு பாக்குற மனுசன்கிட்ட போய் நிறுத்துங்கன்னு எந்த வாயால கேக்குறது, நான் கேக்கவே இல்ல. அவரே வேலி ஓரமா வந்து நின்னு, "தங்கச்சி, பாடம் எத்தன மணிக்குன்னு சொல்லும்மா"ன்னாரு. மறுநாள் பாத்தா அவர் கராஜ் கதவுல சாக்பீஸால என் டைம்டேபிள், செவ்வாய் 9-11, வியாழன் 2-4. அந்த நேரம் பூரா உப்புத்தாள் தேய்க்கிறது, டேப் ஒட்டுறதுன்னு சத்தமில்லாத வேலையா பாத்துக்கிட்டாரு, கடைசி கிளாஸ் வரைக்கும் ஒருநாள் தவறல. கேம்பஸ்ல அமைதி கட்டடத்தோடயே வருது, வீட்ல அத ஒருத்தர் விட்டுக்குடுத்தாதான் உண்டு.

அப்புறம், பகலுக்கு 10 ஜிபி ராத்திரிக்கு 20 ஜிபின்னு குடுத்த டேட்டாவ வச்சுக்கிட்டு நடுராத்திரி எழுந்து வீடியோ இறக்கிப் படிச்ச என் பிள்ளைங்க, சிக்னல் கிடைக்காத ஊர்ப்பக்கத்துப் பிள்ளைங்களுக்குப் பாடத்த வாய்ஸ் நோட்டா சுருக்கி வாட்ஸாப்ல போட்ட கிளாஸ் ரெப், மூடுல்ங்கிற (Moodle) ஆன்லைன் பாடத் தளத்துல குவிஸ் எப்படிப் போடுறதுன்னு எந்த நேரத்துல கேட்டாலும் போன எடுத்த சக டீச்சருங்க, ஜூலைல லோட்ஷெடிங், அதான் முறை வச்சு கரண்ட் நிறுத்துறது, திரும்ப வந்தப்போ இன்வர்ட்டரக் கொண்டுவந்து வாசல்ல வச்சுட்டுப் போன தோழி, எல்லாருக்கும் மனசார நன்றி.

இந்த ஆடிக்குக் கோயில்ல எப்பவும் போல கூடிக் கூழ் ஊத்த முடியல. அடுத்த ஆடிக்கு ஆத்தா புண்ணியத்துல ஊத்துறப்போ, அம்மனுக்குப் படைச்சதும் முதல் சொம்பு அண்ணன் வீட்டுக்குத்தான். அதுவரைக்கும் சும்மா இருக்க மாட்டேன். அண்ணன் மகன் இந்த வருசம் மெட்ரிக், அதான் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை, எழுதுறான், கணக்கு அவனுக்குக் கொஞ்சம் தடுமாறுது. வர்ற சனிக்கிழமையில இருந்து நான் சொல்லிக் குடுக்குறேன், அண்ணிகிட்ட சொல்லியாச்சு.