ராணித்தாய்களுக்கும் அவையில் இடம் கொடுங்கள்: கானாவின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கானாவின் மரபுவழி அரசர்களும் தலைவர்களும் கூடும் தேசியத் தலைவர்கள் அவையின் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் நாட்டுக்காரன் அல்ல. உங்கள் அவையைத் தூரத்திலிருந்து கவனித்து வருபவன். மக்களாட்சியில் அரசர்களுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் வட கானாவின் டக்போன் அரசில் நடந்த விவகாரத்தைத்தான் சொல்வேன். 2002 மார்ச்சில் அதன் தலைநகர் யெண்டியில், யா-நா என்ற பட்டம் தாங்கிய மன்னர் இரண்டாம் யாகுபு அண்டானி கொல்லப்பட்டார். அவரோடு இருந்தவர்கள் பலரும் மாண்டார்கள். விசாரணை, வழக்கு, ஊரடங்கு என்று அரசு என்னென்னவோ செய்தும் அரியணைக்குப் போட்டியிட்ட அபுது, அண்டானி குடும்பங்கள் இறங்கி வரவில்லை. அசாந்தி மன்னர் ஒசெய் டுட்டு தலைமையில் மூன்று அரசர்கள் வருடக்கணக்கில் பேசிய பிறகுதான், 2019 ஜனவரியில் புதிய யா-நா பதவிக்கு வந்தார். அவர்கள் எந்தக் கட்சியும் சாராதவர்கள்; தலைவர்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்று 1992 அரசியலமைப்பு தடுத்திருப்பது எவ்வளவு நல்லது என்று அப்போது தெரிந்தது.

சரி, பாராட்டு போதும். என் குறை வேறு.

அசாந்திகளை உள்ளடக்கிய அக்கான் மக்களிடம் தலைவரின் மணை, அதாவது அரியணை, காலியானால் அடுத்தவர் யார் என்று முன்மொழிகிறவர் ஒஹெமா, அதாவது ராணித்தாய். அவர் மன்னரைப் பெற்ற தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அக்காவாக இருக்கலாம், சித்தியாகவும் இருக்கலாம். மூத்தவர்கள் அவர் சொன்ன பெயரை ஏற்காவிட்டால் வேறு பெயர் சொல்வார். யார் யார் எந்தத் தாய்வழியில் வந்தவர்கள் என்ற கணக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. தலைவர் தவறினால் முகத்துக்கு நேரே கண்டிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

இப்படித் தலைவரை உருவாக்குகிறவருக்கு உங்கள் அவையில் நாற்காலி இல்லை. இத்தனைக்கும், தலைவர் என்றால் யார் என்று விளக்கும் அரசியலமைப்பின் 277-ஆம் பிரிவு முறைப்படி அமர்த்தப்பட்ட ராணித்தாயையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் 271-ஆம் பிரிவுப்படி உங்கள் அவைக்கு ஒவ்வொரு பிராந்தியத்தின் தலைவர்கள் அவையும் ஐந்து பெருந்தலைவர்களைத்தான் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது; ராணித்தாய்களை அல்ல. உங்கள் அவைத்தலைவருக்கு அரசின் ஆலோசனைக் குழுவிலும் இடம் உண்டு. முதல் படியிலேயே நின்றுவிட்டவர்கள் அதுவரை எப்படிப் போவார்கள்?

இது வழக்கம், அதில் கை வைக்க முடியாது என்பீர்கள். யாருடைய வழக்கம்? 1920களில் அசாந்தி மரபுகளை எழுதி வைக்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர், இவ்வளவு முக்கியமான பெண்களைப் பற்றி எங்களுக்கு ஏன் தெரியாமல் போனது என்று கேட்டாராம். நீங்கள் கேட்கவே இல்லையே, ஆண்களோடு மட்டும்தானே பேசுகிறீர்கள் என்றார்களாம் முதியவர்கள். 1900-இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அசாந்திகளின் புனிதச் சின்னமான தங்க மணையைக் கேட்டபோது போரை முன்னின்று நடத்தியவர் எஜிசுவின் ராணித்தாய் யா அசந்தேவா. பிரிட்டிஷார் அவரை செஷல்ஸுக்கு நாடு கடத்தினார்கள். 1921-இல் அங்கேயே இறந்தார். அவருக்கு விழா எடுக்கிற நாட்டில் அவர் வகித்த பதவிக்கு ஓட்டு இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

ராணித்தாய்க்கு அரண்மனையில் தனி மரியாதை இருக்கிறதே, அவை எதற்கு என்றும் கேட்கலாம். உங்கள் வேலைகளை 272-ஆம் பிரிவில் பாருங்கள்: வழக்கச் சட்டத்தைத் தொகுப்பது, ஒவ்வொரு மணைக்குமான வாரிசு வழிகளைப் பதிவு செய்வது, தீங்கான பழைய வழக்கங்களை ஒழிப்பது. கைம்பெண்கள்மேல் திணிக்கப்படும் சடங்குகளில் எது போக வேண்டும் என்பதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து எப்படி முடிவு செய்வது? வாரிசு வழிக்கோ, ராணித்தாய்களைவிடப் பெரிய ஆவணம் உங்களிடம் ஏது? மான்யா க்ரோபோ பகுதியில் எய்ட்ஸ் பெற்றோரைப் பறித்துக்கொண்ட பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் வைத்து வளர்த்தவர்களும் ராணித்தாய்களே. வடக்கில் இந்த முறை இல்லை என்று தட்டிக் கழிக்கவும் வேண்டாம். டக்போனில் குண்டோ நா போன்ற பெண் தலைவர்கள் இருக்கிறார்களே!

பிராந்திய அவைகளில் யார் உறுப்பினர் என்பதை நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தீர்மானிக்கலாம் என்று 274-ஆம் பிரிவு விட்டு வைத்திருக்கிறது. அங்கே ராணித்தாய்களுக்கும் பெண் தலைவர்களுக்கும் ஓட்டுரிமையோடு இடம் தரும்படி நீங்களே தீர்மானம் போட்டு அனுப்புங்கள். 271-ஐத் திருத்த நாளாகும்; அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பார்வையாளர் வரிசையில் நாலு நாற்காலி போட்டுக் கணக்கை முடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அவையின் நலம் விரும்பி